விற்பதற்காகப் பிரித்த எக்ஸ்பல்ஸ்

என் எக்ஸ்பல்ஸ் பைக்கின் முன் சக்கரத்து அச்சை உருவியதும் பேரிங்கிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கத்துப் பேரிங் கரகரவென்று தடுக்கித் தடுக்கிச் சுற்றியது, மறுபக்கத்தது சுற்றவே இல்லை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30. அதையொட்டி வந்த வெள்ளத்தில்தான் இந்த வண்டி நின்றது. நான் அந்தப் பேரிங்கைக் கையில் எடுத்தது 2026 பொங்கல் விடுமுறையில். பதிமூன்று மாதத்துக்கு மேல் சீல் போன பேரிங்கில், துருவின் மேல்தான் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போய்வந்திருக்கிறேன். அதுவும் வழியெல்லாம் "இந்த வண்டி பத்தாது, பெரிய வண்டிதான் வாங்க வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு.

வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2019 மாடல், இரண்டு வால்வு. 199.6 சிசி, 18.4 பிஎஸ் குதிரைத்திறன், 17.1 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எடை 154 கிலோ. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங் குழாய்கள்) 190 மி.மீ. இறங்கி ஏறும், பின் ஷாக் 170. எடை குறைவு, சக்கரம் பெரிது, அடியில் 220 மி.மீ. இடைவெளி. தார் ரோட்டையும் மண் தடத்தையும் ஒரே வண்டியில் ஓட்ட நினைப்பவனுக்கு இந்த விலையில் இதைவிட நல்லது அப்போது இல்லை. நான் 2021இல் இரண்டாம் கையாக வாங்கினேன். என் எடை 88 கிலோ, முதுகுப்பை தனி.

போன வருடம் முழுக்க வண்டிமேல் எனக்கு நான்கு குறைகள் இருந்தன. எண்பதைத் தாண்டினால் ஹேண்டில் லேசாக ஆடும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் மூக்குக் குத்தும். கடலூர் கேப்பர் மலைப் பக்கம் செம்மண் தடத்தில் போனால் குழிக்குக் குழி ஃபோர்க் அடியில் 'டொக்'கென்று இடிக்கும். நாலாவது, விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலை போட்ட இடங்களில் லாரியை முந்தப் போனால் இன்ஜினில் மூச்சு இருக்காது. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி "சின்ன வண்டி" என்று பெயர் வைத்துவிட்டேன். பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, முதல் மூன்றும் பழுதும் பொருத்தமின்மையும். நாலாவது மட்டும்தான் வண்டியின் அளவு சம்பந்தப்பட்டது.

அக்டோபரில் ஹிமாலயன் 450 பார்க்கப் போனேன். 452 சிசி, 40 பிஎஸ், 40 நியூட்டன் மீட்டர், 196 கிலோ. ஓட்டிப் பார்த்தேன், பிடித்திருந்தது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. மூன்றாவது கியரில் லேசாகத் திருகினாலே வண்டி எழுந்து போகிறது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குட்பட்ட வண்டிகளுக்கு 18 சதவீதம். இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ் எல்லாம் சேர்த்து அவர்கள் எழுதிக் கொடுத்த தொகை மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. என் வண்டிக்கு எழுபதாயிரம் கிடைத்தாலும் மீதிக்கு நாலு வருடக் கடன். சரி, கடன்தானே, கட்டிக்கொள்ளலாம் என்றுதான் அப்போது இருந்தேன்.

என்னைத் தடுத்தது பணம் இல்லை, மனைவியின் தம்பியின் வண்டி. அவன் வைத்திருப்பது பழைய ஹிமாலயன் 411, பாரத் ஸ்டேஜ் 6 மாடல், 199 கிலோ. "மாமா, பெருசு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை என்னோடதை எடுத்துட்டு நீங்க வழக்கமா போற இடத்துக்கெல்லாம் போயிட்டு வாங்க" என்றான். நல்ல யோசனை, ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டுவதில் எதுவும் தெரியாது. காலையில் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி, கேப்பர் மலை ஏறி, நடுவீரப்பட்டுப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகிற வண்டித்தடத்தில் இறங்கினேன். தார் ரோட்டில் அந்த வண்டி ராஜா. தோப்புத் தடத்தில் மழை அரித்த பள்ளத்துக்குள் மணல் ஒரு முழ ஆழத்துக்குச் சேர்ந்திருக்கும், செம்மண்ணில் கழுவி வந்த மணல், சலித்த மாதிரி இருக்கும். அதில் முன்சக்கரம் புதைந்தது, வண்டி இடப்பக்கம் மெதுவாகச் சாய்ந்தது, என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

அடி எதுவும் இல்லை. தூக்கத்தான் முடியவில்லை. முதுகை வண்டிக்குக் கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பின்கம்பி, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும், முறை தெரியும். ஆனால் மணலில் கால் ஊன்றவில்லை. மூன்று தடவை பாதிவரை தூக்கி விட்டுவிட்டேன். இருபது நிமிடம் கழித்து முந்திரிக் காட்டில் சுள்ளி பொறுக்க வந்த ஒரு பெரியவர் கைகொடுத்தார். என் எக்ஸ்பல்ஸை இதே தடத்தில் நான் ஏழெட்டுத் தடவை கீழே போட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் தனியாகத்தான் தூக்கினேன். நாற்பத்தைந்து கிலோ வித்தியாசம் காகிதத்தில் ஒரு எண். மணலில் அதுதான் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. யாராவது பெரிய வண்டி வாங்கப் போகிறார்கள் என்றால் நான் சொல்வது இதைத்தான்: ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் மண்ணில் படுக்கவைத்துத் தனியாகத் தூக்கிப் பாருங்கள்.

அந்த வாரமே ஒரு நோட்டுப் போட்டேன். எங்கே, எத்தனை கி.மீ., என்ன மாதிரி ரோடு என்று அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் எழுதினேன். மொத்தம் 2,310 கி.மீ. அதில் வீட்டிலிருந்து புதுச்சேரி வேலைக்குப் போய்வந்தது 1,540 (வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வண்டி, மற்ற நாள் பஸ்). கடலூருக்குள்ளே 330. மண் தடம் 260. எண்பதுக்கு மேல் ஓட்டக்கூடிய நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் வெறும் 180, அதுவும் ஒரே ஒரு தடவை போனது. மழைக்காலம் என்பதால் கொஞ்சம் குறைந்திருக்கும், அதைக் கழித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போகிற தினசரி வழியில் 40 பிஎஸ்ஸை எங்கே வைத்துத் திருகுவது? புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டியதும் பெட்ரோல் விலை குறைவு என்று அங்கே நிரப்புகிறவன் நான். எனக்கு லிட்டருக்கு 38 கி.மீ. கொடுக்கிற வண்டியை விட்டுவிட்டு அதைவிடக் குறைவாகக் கொடுக்கப் போகிற வண்டிக்குப் போக இந்த நோட்டில் ஒரு காரணமும் இல்லை.

இருந்தாலும் விற்கிற எண்ணம் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் பொங்கல் லீவில் பிரித்தேன். மெக்கானிக் அண்ணன் சொன்னார், "தம்பி, வாங்க வர்றவன் மொதல்ல முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டித்தான் பாப்பான். ஆட்டம் இருந்தா பத்தாயிரம் கொறைப்பான். பேரிங்கைப் போட்டுட்டு அப்புறம் வெலை பேசு."

2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வண்டி ஃபுட்ரெஸ்ட் மூழ்கும் அளவுக்கு நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வடிந்ததும் இன்ஜின் ஆயிலை இரண்டு தடவை மாற்றினேன், ஏர் ஃபில்டரைப் பார்த்தேன், செயினுக்கு எண்ணெய் போட்டேன், ஸ்டார்ட் ஆனது, ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். சக்கர பேரிங், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) போல்ட் இவற்றையெல்லாம் அன்றைக்கே திறந்து பார்த்திருக்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள், அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு நாள் ஒதுக்கி இரண்டு அச்சையும் உருவிப் பாருங்கள்.

பேரிங் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். சக்கரத்தை இரண்டு மரக்கட்டைமேல் படுக்க வைத்து, ஹப்பைச் சுற்றிக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் அலுமினியம் விரிந்து பிடி தளரும். ஒரு நீளமான 'பஞ்ச்' கம்பியை (தட்டித் தள்ளும் இரும்புக் கம்பி) எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு, நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயைக் கொஞ்சம் ஒதுக்கி, பேரிங்கின் விளிம்பில் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். ஒரே இடத்தில் அடித்தால் கோணிக்கொண்டு ஹப்பைக் கெடுத்துவிடும். பேரிங்கின் பக்கவாட்டில் நம்பர் பொறித்திருக்கும், அதைக் கொண்டுபோனால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இருபக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். புதியதை இறக்கும்போது அதன் வெளிவளையத்தில் மட்டும் உட்காருகிற சாக்கெட் ஒன்றை வைத்து அடிக்கணும், உள்வளையத்தில் ஒரு அடி பட்டாலும் புது பேரிங் அங்கேயே பாழ். முதல் பேரிங்கை அடிவரை இறக்கி, ஸ்பேசரைப் போட்டு, இரண்டாவதை ஸ்பேசரைத் தொடும்வரை மட்டும் இறக்க வேண்டும். அதற்குமேல் அடித்தால் இரண்டு உள்வளையங்களும் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, சக்கரம் சுற்றினாலும் பேரிங் சீக்கிரம் சூடேறிப் போகும். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது.

சக்கரத்தைக் கழற்றி முன்பக்கம் தூக்கி நிறுத்தியிருந்ததால் ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவது போல ஒரு 'டக்'. கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்) போய்விட்டது. இதற்கு வெள்ளம் காரணம் இல்லை, தண்ணீர் அவ்வளவு உயரம் வரவில்லை. ஏழு வருடக் குழிகளில் உருண்டைகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துக் கிண்ணத்தில் தடம் பதித்திருக்கின்றன. புது கோன் செட் 780 ரூபாய். கிண்ணங்களை ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில், வஞ்சிரம் துண்டங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். குளிரில் சுருங்கி நாலு தட்டில் உட்கார்ந்துவிட்டன. இறுக்குவதில்தான் கவனம் வேண்டும். மேல் நட்டை நன்றாக இறுக்கி உட்கார வைத்து, பிறகு தளர்த்தி, ஹேண்டில் தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விழ வேண்டும், ஆனால் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது, அந்த அளவுக்குக் கொண்டுவர எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஐம்பது கி.மீ. ஓடியபின் இன்னொரு தடவை பார்க்கணும், கிண்ணம் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்.

ஸ்விங்ஆர்ம் போல்ட் வரவே இல்லை. துரு அதை உள்ளே இருக்கிற குழாயோடு ஒன்றாக ஆக்கியிருந்தது. துரு இளக்கும் ஸ்பிரேயை இரண்டு சாயங்காலம் அடித்து ஊறவைத்து, நட்டை மறுபடி போல்ட்டின் முனைக்குச் சமமாக மாட்டிக்கொண்டு (நேராக அடித்தால் மரை நசுங்கும்), கட்டை வைத்து அடித்து வெளியே எடுத்தேன். எமரித் தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் பூசித் திரும்பப் போட்டது. இதற்குச் செலவே இல்லை, ஆனால் பின்சக்கரம் குழியில் இறங்கும்போது வந்துகொண்டிருந்த கிறீச் சத்தம் போய்விட்டது.

இவ்வளவையும் மாட்டி, ஃபோர்க்கைத் தொடாமல், ஒரு தடவை புதுச்சேரிவரை ஓட்டிப் பார்த்தேன். எண்பதில் ஆட்டம் இல்லை. தொண்ணூறிலும் இல்லை. தவளக்குப்பத்தில் டீக்கடையில் நிறுத்தி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

அப்புறம்தான் ஃபோர்க்கைக் கையில் எடுத்தேன், இந்தத் தடவை விற்பதற்காக இல்லை.

முதலில் அளவு. ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, சீலை ஒட்டித் தள்ளிவைத்து, ஹெல்மெட், பை எல்லாம் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறி நின்று உட்கார்ந்து இறங்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இருக்கிற நிலையிலிருந்து டை எத்தனை மி.மீ. நகர்ந்திருக்கிறது என்பதுதான் நம் எடைக்கு ஃபோர்க் அமுங்குகிற அளவு. மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், 190க்குச் சுமார் 60. எனக்கு வந்தது 84. நான் ஏறி உட்கார்ந்தாலே பாதிக்குப் பக்கத்தில் போய்விடுகிறது, மீதியில்தான் குழி, பிரேக் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அடியில் இடிக்காமல் என்ன செய்யும்? ஸ்பிரிங்கை ஒரு நடுத்தர எடைக்காரருக்கு ஏற்றபடி வைத்திருக்கிறார்கள், நான் 88 கிலோ, பையோடு 95.

மலிவான வழியை முதலில் முயன்றேன். ஸ்பிரிங்குக்கு மேல் 20 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு வைத்தேன். அளவு 64க்கு வந்தது, பார்க்கச் சரியாக இருந்தது. ஓட்டினால் சரியில்லை. முன்பக்கம் உயர்ந்தது, ஸ்பிரிங் கடினமாகவில்லை. ப்ரீலோட் ஏற்றுவது, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது, ஸ்பிரிங் தொடங்குகிற இடத்தை மட்டும்தான் மாற்றும், ஒவ்வொரு மி.மீட்டருக்கும் அது தாங்குகிற எடையை மாற்றாது. கேப்பர் மலையில் அடியில் இடிப்பது குறைந்தது, நிற்கவில்லை, அதோடு மேடு தாண்டி சக்கரம் தொங்கும்போது மேலே முட்டும் சத்தம் வேறு புதிதாகச் சேர்ந்தது. என் எடைக்கான கனத்த ஸ்பிரிங் ஒரு ஜோடி தருவித்தேன், 4,500 ரூபாய். இந்த வேலையிலேயே நல்ல செலவு இதுதான்.

பிரிக்கும்போது ஃபோர்க் குழாயின் மூடியை முதலில் தளர்த்திவிட வேண்டும், ஃபோர்க் வண்டியிலேயே பிடித்திருக்கும்போதே. மேல் கிளாம்ப் போல்ட்டை மட்டும் தளர்த்தி, கீழ்க் கிளாம்ப் பிடித்திருக்கும்போது மூடியைக் கால் சுற்று விடுவித்துக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்தபின் மூடியைத் திறக்கப் பார்த்தால் குழாயைப் பிடித்துக்கொள்ள வழி இருக்காது. பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்ட வேண்டும், ஏபிஎஸ் சென்சார் வயரைக் கிளிப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். வந்த எண்ணெய் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில், நாற்றத்தோடு இருந்தது. கொட்டுவதற்கு முன்னால், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல்விளிம்பிலிருந்து எண்ணெய் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து சுவரில் எழுதிக்கொண்டேன். அந்த எண்ணை இங்கே கொடுக்கவில்லை, ஸ்பிரிங் கனம் மாறினால் அது இடம்பிடிக்கும் அளவும் மாறும், ஸ்பிரிங் விற்கிறவர்கள் தருகிற மட்டத்தைத்தான் வைக்க வேண்டும். மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் மேலே இருக்கிற காற்றுக்கு இடம் குறையும், கடைசிப் பயணத்தில் அது ஒரு இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். இரண்டு பக்கமும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். பழைய சிரிஞ்சில் ஒரு குழாயைச் செருகி அளவுக்கு வெட்டினால் அதிகமானதை உறிஞ்சி எடுத்துவிடலாம்.

சீலில் நான் தவறு செய்தேன். புதுச் சீலை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன். ஒரு பக்கம் கோணலாக உட்கார்ந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில் டிஸ்க் உள்ள பக்கத்து ஃபோர்க்கில் எண்ணெய் வளையம், கீழே காலிப்பரை நோக்கி ஒரு கோடு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிரேக் பேடில் இறங்கியிருக்கும், முன்பிரேக் இல்லாமல் ஏதாவது ஒரு லாரிக்குப் பின்னால் போயிருப்பேன். வண்டியை அங்கேயே நிறுத்தி மறுபடி பிரித்தேன். முதுநகரில் ஒரு லேத் பட்டறையில் 37 மி.மீ. குழாயைச் சுற்றிச் சரியாக உட்காருகிற மாதிரி நைலான் வளையம் ஒன்று கடைந்து, இரண்டு பாதியாக அறுத்துத் தரச் சொன்னேன், 350 ரூபாய். அதைச் சீலின்மேல் வைத்து, மேலிருந்து பிவிசி குழாயால் குத்தினால் சீல் நேராக இறங்கிப் பூட்டு வளையத்தின் காடி தெரிகிறது. குழாயின் மேல்விளிம்பில் ஒரு துண்டு பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றி, ஃபோர்க் ஆயில் தடவி, அதன்மேல் சீலை நுழைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு சீலின் உதட்டைக் கீறும். சீல் இரண்டு ஜோடி 640, ஆயில் 900.

மாட்டும்போது இன்னொன்று. அச்சை இறுக்கி, அதன் கிளாம்ப் போல்ட்டை இறுக்குவதற்கு முன்னால், முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை ஏழெட்டுத் தடவை அமுக்கி விட வேண்டும். இரண்டு கால்களும் தாமாக ஒரு வரிசைக்கு வந்து நிற்கும், அப்புறம் இறுக்க வேண்டும். இதைச் செய்யாததால் ஃபோர்க் இறுக்கமாக இருக்கிறது என்று ஸ்பிரிங்கைக் குறைசொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அளவு 60. பின்னால் ஷாக்கில் பத்துப் படி இருக்கிறது, கொக்கி ஸ்பானரால் மூன்று படி ஏற்றியதில் 64லிருந்து 54க்கு வந்தது, அது போதும். பின் ஷாக்கின் எண்ணெய் பழசு, அதை நான் தொடவில்லை, அது நைட்ரஜன் நிரப்பத் தெரிந்தவர்களின் வேலை.

அடுத்த ஞாயிறு அதே முந்திரித் தடம். மச்சானின் வண்டி விழுந்த அதே மணல். டயர் காற்றை முன்னால் 18, பின்னால் 20க்கு இறக்கிக்கொண்டு எழுந்து நின்று ஓட்டினேன். முன்சக்கரம் மணலில் நுழைந்தது, கொஞ்சம் நெளிந்தது, மேலே வந்தது. குழிகளில் சத்தமே இல்லை. முன்னால் இருந்ததைவிட வேகமாகப் போனேன் என்று சொல்ல முடியாது, ஆனால் வீடு திரும்பியபோது மணிக்கட்டு வலிக்கவில்லை. (மணலில் ஓட்டிப் பழக சில்வர் பீச் பக்கம் கடற்கரையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். ஜனவரியிலிருந்து இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும், சக்கரம் ஏறினால் கீழே இருக்கிற குழி நசுங்கும். வண்டிக்கும் உப்பு மணல் எமன்.)

டயர் இரண்டும் எப்படியும் தேய்ந்திருந்தன, 8,400. செயின் செட் 2,700. முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 13 பல், அதை 12 ஆக்கிப் பார்த்தேன். தோப்பில் முதல் கியரில் நடக்கிற வேகத்தில் போக அருமையாக இருந்தது. ஈசிஆரில் அதே வேகத்துக்கு இன்ஜின் எட்டு சதவீதம் அதிகமாகச் சுற்றியது, கைப்பிடியில் அதிர்வு, ஒரு வாரத்தில் திரும்ப 13 போட்டேன். என் நோட்டில் மண் தடம் ஒன்பதில் ஒரு பங்குதான், அதற்காகத் தினசரி வழியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. மொத்தச் செலவு 19,420 ரூபாய், அதில் பாதிக்கு மேல் எந்த வண்டி வைத்திருந்தாலும் வந்திருக்கும் டயரும் செயினும்.

நாலாவது குறை அப்படியே இருக்கிறது. அதைச் சரிசெய்ய வழி இல்லை. காற்றை வெட்டிக்கொண்டு போகத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். தொண்ணூறிலிருந்து நூற்றுப்பத்துக்குப் போக, காற்றுக்கு மட்டும் 1.8 மடங்கு வேண்டும். 18 பிஎஸ்ஸில் அது எங்கிருந்து வரும்? சைலன்ஸரை மாற்றினால் சத்தம் வரும். பெரிய பிஸ்டன் போட்டுத் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், என்னையும் ஒருவர் கேட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. சிசி மாறினால் அதுதான் நடக்கிறது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கேட்கிற முதல் கேள்வியும் அதுவாக இருக்கும். அதைவிட, காற்றில் மட்டுமே குளிர்கிற இந்த இன்ஜினைச் சித்திரை வெயிலில் அப்படி வருத்த எனக்கு மனம் இல்லை.

ஆகவே யாராவது வாரத்துக்கு ஒரு தடவை பின்னால் ஆளோடு புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு 150 கி.மீ. போய்வருகிறவர் என்றால், மதியத்துக்கு மேல் ஈசிஆரில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது எக்ஸ்பல்ஸில் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய வண்டி வாங்குங்கள், அல்லது நடுவில் எக்ஸ்பல்ஸ் 210 இருக்கிறது, 24.6 பிஎஸ், ஆறு கியர், 168 கிலோ, ஜிஎஸ்டியும் 18 சதவீத வரிசையில். எனக்கு அந்த 180 கி.மீ.க்கு பஸ் இருக்கிறது.

ஷோரூமிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன வாரம் மச்சான் என் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வந்து, "மாமா, என்னோடதுல எழுபதுல லேசா ஆடுது" என்றான். அவன் வீடும் எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. அதே டிசம்பரில் அவன் வண்டியும் அதே தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், கொதிதண்ணீருக்குப் பெரிய அண்டாவும் பஞ்ச் கம்பியும் தயார், பேரிங்கின் நம்பர் மட்டும் உருவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.